தேகப் பயிற்சியும் ஆகாரமும்: பாலூருக்கும் நூலூருக்கும் ஒரு விண்ணப்பம்

தேகப் பயிற்சி என்றால் வியர்வை சிந்துவது என்றே நம்மவரில் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். பந்தயத்தில் தோற்ற பையன் இன்னும் அதிகமாக ஓட வேண்டும். அதிலும் தோற்றால் அதற்கும் அதிகமாக ஓட வேண்டும். இதற்கு மேல் யோசிப்பார் அரியர். ஓடுகிறவன் காலையில் என்ன சாப்பிட்டான், இரவில் எத்தனை மணி உறங்கினான், நேற்றைய களைப்பு இன்று தீர்ந்ததா என்று கேட்பாரில்லை. உழுதால் மட்டும் போதும், நீரும் எருவும் வேண்டியதில்லை என்று ஒரு குடியானவன் சொன்னால் நாம் நகைப்போம். மைதானத்தில் மட்டும் அதே வார்த்தையை மெச்சிக் கொண்டிருக்கிறோம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமே உண்டு. ஒன்று நூலூர். 1936-ம் வருஷத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்ஸை ஸ்தாபித்தது முதல் பஞ்சாலைத் தொழில் அங்கே வேரூன்றி வளர்ந்தது. அதை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் துணி நெய்யப்பட்டு வெளியூர்களுக்குப் போகிறது. மற்றொன்று பாலூர். அதன் பால்கோவாவுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. காயத்துக்குக் கட்டும் துணியும், உடலை வளர்க்கும் பாலும் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிற பிரதேசம் இது. ராஜபாளையத்து வேட்டை நாயின் புகழ் நாடெங்கும் பரவி, 2005-ம் வருஷத்தில் அதற்குத் தபால் தலையும் வெளியாயிற்று. அந்த நாயை வளர்ப்பவர் அதன் ஆகாரத்தையும் ஓட்டத்தையும் ஓய்வையும் கணக்குப் பார்த்தே நடத்துவார். அத்தகைய கணக்கு நம் பிள்ளைகளுக்கு உண்டா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இக்கேள்வி பதக்கம் வெல்வோரை மட்டும் பற்றியதன்று. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஏழைக் குடும்பத்து வாலிபன் ஒருவனுக்கு அந்த 7 நிமிஷம் ஒரு குடும்பத்தின் ஜீவனம். அவன் விடியுமுன் எழுந்து, ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு மாதக்கணக்கில் ஓடுகிறான். கால் வீங்கி, முழங்கால் நொந்து, தேர்வு நாளில் சில விநாடிகளில் தோற்றுத் திரும்பினால், அவனுக்கு மனோதிடம் போதாது என்று ஊர் சொல்கிறது. பல சமயங்களில் போதாதது மனோதிடமன்று, ஆகாரமே.

குன்னூரில் எலிகள் சொன்ன சாட்சி

ஆகாரத்துக்கும் தேக பலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் தமிழ்நாட்டு மலையிலேயே நடந்தது. ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் 1918-ம் வருஷத்தில் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1920-களில் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரே வயதும் ஒரே எடையும் உள்ள எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளிகள், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உண்ணும் ஆகாரத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். சீக்கியருடைய ஆகாரம் தின்ற எலிகள் முதலில் நின்றன. சென்னை மாகாணத்தாருடைய ஆகாரம் தின்றவை கடைசியில் நின்றன.

இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. காரணத்தை ஆராய வேண்டும். சீக்கியர் ஆகாரத்தில் முழுக் கோதுமையும், பருப்பும், காய்கறியும், யாவற்றுக்கும் மேலாகப் பாலும் தயிரும் தாராளமாக இருந்தன. நம்முடையதாக அங்கே வைக்கப்பட்டதோ ஆலையில் தீட்டிய அரிசியைப் பல தண்ணீரில் கழுவி வடித்த சோறு. அதனுடன் பால் கொஞ்சம், பருப்பு கொஞ்சம், காய் கொஞ்சம். குற்றம் அரிசியினுடையதன்று, தவிட்டையும் அதிலுள்ள சத்தையும் கழித்துவிட்டு, கழித்ததை வேறொன்றால் ஈடு செய்யாததே குற்றம். எலி மனிதனல்ல என்பதும், ஒரு மாகாணத்தார் அனைவரும் ஒரே விதமாக உண்பதில்லை என்பதும் மெய்யே. இந்தக் கரிசல் பூமியிலேயே கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும் உண்டு உழைத்தவர் பலர். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. நாகரிகம் என்று எண்ணி நாம் கைவிட்டவற்றில் சத்தும் சேர்ந்து போயிற்று.

உடல் எப்போது வலுக்கிறது?

பயிற்சியின் போது உடல் வலுப்பதில்லை, நலிகிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. உப்பும் நீரும் வெளியேறுகின்றன. பின்னர் ஓய்வும் ஆகாரமும் கிடைக்கும் நேரத்தில், பழைய நிலைக்கு ஒரு படி மேலாக உடல் தன்னைச் செப்பனிட்டுக் கொள்கிறது. கடினமான பாரப் பயிற்சிக்குப் பிறகு தசையைச் செப்பனிடும் வேலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நடக்கிறது. அது முடியுமுன் அதே தசையை மறுபடியும் வாட்டினால் கட்டடம் எழுவதில்லை, இடிபாடே மிஞ்சுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைக் கண்டவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிப்பவருடைய பலத்தால் மட்டும் தேர் நிலைக்கு வந்து சேர்வதில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டை போட்டு நிறுத்துவதால்தான் வந்து சேர்கிறது. பயிற்சிக்கும் அத்தகைய முறை வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் கடும் பயிற்சி போதும். மற்ற நாட்களில், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நிதானமாக ஓட வேண்டும். ஒரு நாள் பூரண ஓய்வு. தூரத்தையும் பாரத்தையும் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். போட்டிக்கு முந்திய வாரம் அளவைக் குறைக்க வேண்டும். இதைச் சோம்பல் என்று நினைக்கும் பயிற்சியாளர் இன்னும் இருக்கின்றனர். அவரிடம் பயிலும் பிள்ளைகள் சீசன் தொடக்கத்தில் முன்னே நின்று, சீசன் முடிவில் மருத்துவமனை வாசலில் நிற்கின்றனர்.

ஓய்வு என்பதில் முதலாவது நித்திரை. 13 வயது முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்கள் முடிவு. ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த வாலிபன் நேராக மைதானத்துக்குப் போய்க் கடும் ஓட்டம் ஓடுவது வீரமன்று, விரயம். அவன் முதலில் உறங்கி எழுந்து, மாலையில் ஓடட்டும்.

ஒரு நாள் சாப்பாட்டின் கணக்கு

ஆகாரத்தில் இரண்டு விஷயங்களை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மாவுச்சத்து ஓட்டத்துக்கு விறகு. புரதம் செப்பனிடுவதற்குச் செங்கல். நாள்தோறும் ஒரு மணி நேர அளவு பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்தும், 1.4 முதல் 2 கிராம் வரை புரதமும் வேண்டும் என்று விளையாட்டுப் போஷாக்கு நிபுணர்கள் வகுத்திருக்கின்றனர். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 250 முதல் 350 கிராம் மாவுச்சத்தும், 70 முதல் 100 கிராம் புரதமும் ஆகும்.

இக்கணக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு 300 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து அதிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே விளையாட்டு வீரன் சோற்றைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற புதுப்பேச்சு வீண்பேச்சு. அதே அரிசியில் சுமார் 30 கிராம் புரதமும் உண்டு. அதனுடன் 75 கிராம் பருப்போ, கொள்ளோ, கொண்டைக்கடலையோ சேர்ந்தால் 16 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம். ஆக 81 கிராம். முட்டை உண்ணாதார் தயிரையும் பயறையும் சற்றுக் கூட்டிக் கொள்ளலாம். பாலைக் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். அருப்புக்கோட்டைச் சந்தையிலும் சாத்தூர்ச் சந்தையிலும் கிடைக்காத பொருள் இதில் ஒன்றுமில்லை.

குறைவு எங்கே நேர்கிறதென்றால், பலருடைய தட்டில் முதல் வரி மட்டும் இருக்கிறது. மற்ற வரிகள் இல்லை. இருக்கிறவர்களும் யாவற்றையும் இரவு ஒரே வேளையில் உண்கின்றனர். புரதத்தை மூன்று நான்கு வேளைகளில் பங்கிட்டு உண்பதே தசைக்கு நல்லது. பயிற்சி முடிந்ததும் இரண்டு வாழைப்பழமும், கருப்பட்டியோ வெல்லமோ கலந்த ஒரு டம்ளர் பாலும் உண்டால், கரைந்த மாவுச்சத்து திரும்பவும் தசையில் சேரத் தொடங்கும். காலையும் மாலையும் பயிற்சி உள்ளவருக்கு இது தப்பக்கூடாத நியமம். கடும் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பாக இட்லியோ சோறோ உண்டிருக்க வேண்டும். விடியற்காலை ஓடுபவர் ஒரு வாழைப்பழமாவது உண்டு புறப்பட வேண்டும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் இந்தப் பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்பதை யாவரும் அறிவோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நீர் இறங்கினால் ஓட்டத்தின் வேகம் குறைகிறது. ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்த்தால், இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடித்து ஈடு செய்யலாம். வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் அபாயம். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்பிட்ட மோரும், பழைய சோற்று நீராகாரமும் இதற்கு உகந்தவை. பயிற்சிக்குப் பின் உடலில் நீரைத் தங்க வைப்பதில் கொழுப்பு குறைந்த பால், வெறும் தண்ணீரையும் புட்டியில் விற்கும் விளையாட்டுப் பானத்தையும் விட மேலானது என்று 2007-ம் வருஷத்தில் இங்கிலாந்து லாஃபரோ சர்வகலாசாலையார் சோதித்துக் கண்டனர். பாலூரார் பெருமைப்படத்தக்க செய்தி இது.

டப்பாவும் பால்கோவாவும்

இவ்வளவு இருக்க, நம் வாலிபர்கள் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துப் புரத மாவு டப்பா வாங்குகின்றனர். அந்த மாவு எது? பெரும்பாலும் பாலின் தெளிவிலிருந்து எடுத்ததே. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தெளிவுப் புரதம். மற்ற நான்கு பங்கு திரளும் புரதம். இரண்டும் தசைக்கு வேண்டியவை. வாசலில் கறந்த பாலை விற்றுவிட்டு, அதில் ஒரு பங்கைப் பல மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் வியாபாரத்தை என்னென்பது? குன்னூரிலிருந்து 1958-ம் வருஷத்தில் ஹைதராபாத்துக்கு மாறிய அந்த ஆராய்ச்சிச் சாலையே இன்று தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது. அந்நிலையத்தார் 2024-ம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட உணவு நெறிகளில், உடலைப் பெருக்கப் புரத மாவு உண்பதைத் தவிர்க்கும்படி இந்தியருக்குப் புத்தி கூறியிருக்கின்றனர்.

அப்படியானால் பால்கோவா? அதில் பாலின் புரதமும் சர்க்கரையும் சுண்டி அடர்ந்திருக்கின்றன. ஆகையால் ஓடிக் களைத்தவனுக்கு ஒரு சிறு உருண்டை தீங்கல்ல. ஆனால் நெய்ச்சத்து மிகுந்ததால் சீக்கிரத்தில் ஜீரணமாகாது, சர்க்கரையும் அதிகம். போட்டிக்கு முன் உண்ணத் தகாது; நாள்தோறும் உண்ணவும் தகாது. பாலுக்குப் பதில் பால்கோவா ஆகாது. வெற்றி பெற்ற நாளில் உண்ணட்டும்.

டப்பாவின் கேடு விலையோடு நிற்பதில்லை. லேபிளில் எழுதாத மருந்து கலந்த டப்பாக்களும் சந்தையில் உண்டு. தெரிந்தோ தெரியாமலோ அதை உண்டவன் பரிசோதனையில் அகப்பட்டால், தெரியாது என்ற சொல் அவனைக் காப்பாற்றுவதில்லை. உடலுக்குள் சென்றதற்கு அவனே ஜவாப்தாரி என்பது விதி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் 2023-ம் வருஷத்துக்கு வெளியிட்ட கணக்கில், 5,000-க்கு மேற்பட்ட சோதனை நடத்திய நாடுகளுள் இந்தியாவிலேயே குற்றம் காணப்பட்ட விகிதம் அதிகம், நூற்றுக்கு 3.8. உலக அரங்கில் நம் நாட்டின் பெயர் இப்படி முதலிடம் பெறுவது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. ஊசியும் மாத்திரையும் கொடுக்கும் பயிற்சியாளனை ஊரார் அடையாளம் கண்டு விலக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலை

பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்வது இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து. அது குறைந்த பெண்ணை மேலும் மேலும் ஓடச் சொல்வது, எண்ணெய் இல்லாத விளக்கில் திரியைத் தூண்டுவதாகும். கீரை, கம்பு, பயறு, ஈரல், மீன் இவற்றில் இரும்பு உண்டு. அவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீரும் காப்பியும் குடித்தால் சேராது. இரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியர் சொன்னால் மாத்திரையும் உண்ண வேண்டும்.

மற்றொன்று, கூச்சத்தால் மறைக்கப்படுவது. பயிற்சிக்குத் தக்க ஆகாரம் இல்லாத பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். எலும்பும் பலவீனப்பட்டு முறியலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ம் வருஷம் முதல் இதைத் தனிக் கோளாறாகவே வகுத்து எச்சரித்து வருகிறது. இதைக் கடும் பயிற்சியின் இயற்கை விளைவு என்று அலட்சியம் செய்யும் பயிற்சியாளர் அறியாமையால் அனர்த்தம் செய்கிறார்.

ஆதரவு கிடைத்தால் நம் பெண்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சாட்சி. சிறு வயதில் பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். காலில் ஜோடில்லாமல் ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் அவர் திறமையைக் கண்டு, கல்லூரியிலும் விடுதியிலும் இடம் பெற உதவினார். 2021-ம் வருஷத்தில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடினார். பக்கத்திலே கோவில்பட்டியைப் பாருங்கள். அங்கே சர்க்கார் ஹாக்கி விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-ம் வருஷத்தில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்தியக் கோஷ்டியில் ஆடினர். விடுதி என்பது வேறென்ன? வேளை தவறாத சாப்பாடு, வேளை தவறாத தூக்கம், கண்காணிக்க ஒருவர், இவ்வளவே.

செய்ய வேண்டியது

எல்லோருக்கும் விடுதி கட்ட முடியாது. ஆனால் விடுதியின் சாரத்தை ஒவ்வொரு மைதானத்துக்கும் கொண்டு போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்ற பெருந்தர்மத்தை 1956-ம் வருஷத்தில் தொடங்கி வைத்த காமராஜர் இந்த ஜில்லாவின் விருதுநகரத்தில் பிறந்தவர். 2022-ம் வருஷத்தில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளில்தான் பிள்ளைகள் போட்டிக்குப் பயில்கின்றனர். விடியற்காலை ஓடிவிட்டு வெறும் வயிற்றோடு முதல் மணியில் உட்காரும் பிள்ளையைப் பற்றி யார் யோசிப்பது?

நாம் கேட்பது நான்கு. முதலாவது, உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சி முடிந்ததும் ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பால் கூட்டுறவுச் சங்கங்களும், ராஜபாளையத்து ஆலை முதலாளிகளும், இரண்டு நகரசபைகளும் மனம் வைத்தால், சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமலே தொடங்கிவிடலாம். இரண்டாவது, வருஷத்துக்கு இரண்டு தடவை இரத்தப் பரிசோதனை. பெண் பிள்ளைகளுக்குத் தவறாமல். மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் மைதானத்துக்கு விடுமுறை என்பதைப் பயிற்சியாளர்கள் நியமமாகக் கொள்ள வேண்டும். நான்காவது, ஒவ்வொரு மைதானத்திலும் ஓர் எடை பார்க்கும் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்க வேண்டும். எடை, தூக்கம், ஓடிய தூரம், நோவு ஆகிய இந்நான்கையும் பிள்ளைகளே தினந்தோறும் எழுதட்டும். களைப்பு மிகுவதை அந்தப் புத்தகம் முன்கூட்டியே சொல்லும்.

பொது ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு இதில் விசேஷப் பொறுப்பு உண்டு. வெற்றி பெற்று வந்த வீரனுக்கு மாலை போடுவதிலும், ஊர்வலம் நடத்துவதிலும், போட்டிக் கோப்பைகள் வழங்குவதிலும் நாம் செலவிடுவது கொஞ்சமல்ல. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டிக்கு ஆறு மாதம் முந்தியே பாலுக்கும் பயறுக்கும் செலவிடலாம். கோப்பை ஒருவனுக்கே கிடைக்கும். பால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். தோற்ற பிள்ளையும் பலமுள்ள பிரஜையாக வீடு திரும்புவான். வருகிற பள்ளி வருஷத் தொடக்கத்தில் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மைதானத்திலாவது இந்த ஏற்பாட்டைத் தொடங்கும்படி வேண்டுகிறோம்.